786ஆம் கைப்பட்டை

ஒரு பிள்ளையின் விலை ஆறு ரூபாய் நாற்பது காசு. முதலில் ஒன்பது என்றுதான் சொன்னார்கள். எங்கள் அத்தா பேசிக் குறைத்தார்.

பிள்ளை என்றால், பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் பட்டை. தண்ணீர் பட்டால் கிழியாது, கத்தரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாது. மேலே ஓர் எண், பக்கத்தில் கியூஆர் கோடு. கார்த்திகை தீபக் கூட்டத்தில் கைநழுவிப் போன குழந்தையை யார் பார்த்தாலும், அந்தக் கோடைத் தன் போனில் காட்டினால் போதும். பெற்றவர் பெயரும் நம்பரும் வந்துவிடும். எங்கள் தெரு வியாபாரிகள் சங்கம் தீபத்தன்று வழக்கமாக மோர் கொடுக்கும். இந்த வருடம் மோரோடு இதுவும் என்று முடிவானது. சங்கத் தலைவர் சின்னசாமி, எங்களுக்கு எதிரே பூஜை சாமான் கடை வைத்திருப்பவர், "வெளிய குடுத்தா இருவதாயிரம் கேப்பான். பாய் பொண்ணு கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குது" என்று ஒரே வரியில் என்னை இலவசமாக வாங்கிவிட்டார்.

பாய் என்பது அத்தா. பெயர் அப்துல். தேரடி வீதியில் பாத்திரக்கடை. பாய் பொண்ணு என்பது நான், உம்மே ஹானி. கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் எழுதுகிறேன்.

பட்டை வாங்கிய பேரத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பாரிஸ் கார்னர்காரர் போனில் இருந்தார்.

"ஐநூறு பீஸ் வேணும். இன்னா ரேட்டு?"

"ஒம்போது ரூபா பாய். நம்பர் பிரிண்ட், கோடு பிரிண்ட் எல்லாம் சேத்து."

"நம்பரை நாங்களே எழுதிக்கறோம். அப்ப எவ்ளோ?"

"அப்பவும் ஒம்போதுதான் பாய்."

"அப்ப நம்பருக்கு நீங்க காசே வாங்கலை. வெறும் பட்டைக்கு ஒம்போதா? உள்ள வெள்ளி கிள்ளி வெச்சிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. எட்டு ஆனது, ஏழரை ஆனது, அங்கேயே நின்றது. கடைசியில் அவர், "ஆயிரமா எடுங்க பாய், ஆறு நாப்பதுக்குத் தரேன். இதுக்கு மேல கேட்டா நான் போனை வெச்சிடுவேன்" என்றார். அத்தா என்னைப் பார்த்தார். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று நானும் தலையாட்டினேன்.

ஐநூறோடு நிறுத்தியிருந்தால் பட்டைகளின் எண்ணும் ஐநூறோடு நின்றிருக்கும். தலைக்கு ரெண்டு ரூபாய் அறுபது காசு மிச்சம் பிடித்ததில் ஐநூற்று ஒன்றிலிருந்து ஆயிரம் வரை புது எண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒன்று என்ன செய்யப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

நான் எழுதிய புரோகிராம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேப் என்று பெயர். ஊர் வரைபடம் இல்லை. ஒரு சாவி, அந்தச் சாவிக்கு ஒரு சரக்கு. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன்தான் சாவி, செருப்பு சரக்கு. டோக்கனை யார் நீட்டினாலும் அந்தச் செருப்பு வரும். முகம் பார்க்காது, காரணம் கேட்காது, பத்து முறை நீட்டினாலும் அதே செருப்புதான். என் மேப்பில் டோக்கனுக்குப் பதில் பட்டை எண். செருப்புக்குப் பதில் பெற்றவர் பெயர், ஊர், போன் நம்பர்.

மேப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஏற்கெனவே இருக்கிற சாவிக்கு இன்னொரு சரக்கைக் கொடுத்தால், பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். சத்தமே போடாது. ஐப்பசிப் பௌர்ணமியில் இருபது பட்டைகளை, யார் கையிலும் கட்டாமல், வைத்து ஒத்திகை பார்த்தோம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் போடும் இரண்டாவது மேசை உமாமகேஸ்வரனின் பொறுப்பு. குருக்கள் வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவன். அவன் ஒரே பட்டையை இரண்டு முறை ஸ்கேன் செய்து, ஒருவர் குழந்தையை வரிசையில் அடுத்து நின்றவர் பேரில் எழுதிவிட்டான். பழைய பெயர் போன இடம் தெரியவில்லை.

ஒத்திகை வரிகளை அழித்துவிட்டு உடனே திருத்தினேன். சாவி ஏற்கெனவே இருந்தால் கை வைக்காதே. புதிதாக இருந்தால் மட்டும் எழுது. எது நடந்தாலும் திரையில் பச்சை டிக்கைக் காட்டு. இரண்டாம் முறை வருவது கைத்தவறுதானே, மேசையில் இருப்பவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அந்த நல்ல மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீபத்துக்குப் பத்து நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த அத்தா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிடுச்சு அத்தா."

"தலையில போட்டியா?"

புதுக் கணக்குப் புத்தகம் எது வாங்கினாலும் முதல் பக்கத்தின் தலையில் 786 எழுதி, கீழே தன் பெயரையும் கடையையும் எழுதாமல் அத்தா அதை மூட மாட்டார். பிஸ்மில்லாவுக்கு உரிய எண் அது. எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டுக்குக்கூடத் தலை உண்டு.

"கம்ப்யூட்டர்ல தலை கெடையாது அத்தா."

"தலை இல்லாத கணக்கை நான் கையால தொட மாட்டேன். வேற யாரையாச்சும் மேசையில ஒக்கார வெச்சுக்க."

எழுதினேன். சாவி 786. அப்துல், பாத்திரக்கடை, தேரடி வீதி, கடை நம்பர். அத்தா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்துவிட்டுத் திருப்தியாகக் கீழே போனார். அவருக்காக மட்டும் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அது இல்லாமல் தொடங்க எனக்கும் கை வராது. தீபத்துக்கு முன்னால் அழித்துவிடலாம் என்றிருந்தேன்.

இதில் இன்னொரு கொடுமை. மேப்பைப் பொறுத்தவரை எண்ணாக எழுதும் 786 ஒரு சாவி, எழுத்தாக, மேற்கோள்குறிக்குள் எழுதும் 786 வேறொரு சாவி. பட்டைகளிலிருந்து வருவது எழுத்து. நான் சோம்பேறித்தனமாக வெறும் எண்ணை அடித்திருந்தால் அத்தாவின் வரி ஒரு மூலையில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்திருக்கும். நான் ஒழுங்கானவள். மேற்கோள்குறி போட்டேன்.

தீபத்தன்று காலையிலிருந்தே தெருவில் தரை தெரியவில்லை. ஒன்று முதல் ஐநூறு வரை உமாமகேஸ்வரன் மேசையில். ஐநூற்று ஒன்று முதல் எங்கள் கடை வாசலில். மணிக்கொரு முறை இரண்டு மேசையிலும் கட்டிய பட்டைகளைக் கூட்டி மேப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மேப்பில் ஒன்று அதிகமாக இருந்தது. கம்மியாக இருந்தால் பதறியிருப்பேன். ஜாஸ்திதானே என்று விட்டுவிட்டேன். பத்து நாள் முன்பு எழுதிய தலை நினைவுக்கே வரவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு, கடையில் பித்தளைக் காமாட்சி விளக்கை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எவ்ளோ பாய்?"

"ஆயிரத்து நூத்தம்பது. உங்களுக்காக ஆயிரத்து நூறு."

"எனக்காகவா? என்னை முன்ன பின்ன பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்லை. அதான் கொறைச்சேன். பாத்திருந்தா கொறைச்சிருக்க மாட்டேன்."

"தொள்ளாயிரம்."

"பாதி வெளக்கு குடுக்கட்டுமா?"

இப்படியே ஆயிரத்துப் பத்துக்கும் தொள்ளாயிரத்து எழுபதுக்கும் வந்து இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். உலகமே மலையைச் சுற்றக் கிளம்பிவிட்ட நேரத்தில் நாற்பது ரூபாய்க்காக அரை மணி நேரம். அவள் விளக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் கடை ஓரத்தை அடையும்வரை விட்டு, பிறகு அத்தா கூப்பிட்டார். நல்ல பேரத்தில் இருவரும் தோற்ற முகத்தோடு சிரிப்பார்கள். அவர்கள் அப்படித்தான் சிரித்தார்கள்.

"வெளக்கு இங்கயே இருக்கட்டும் பாய். சுத்திட்டு வந்து எடுத்துக்கறேன். அதுக்குள்ள வித்துடாதீங்க."

"இந்த வெலைக்கு இன்னொரு தடவை விக்க எனக்குத் தெம்பு இல்லைம்மா."

அவள் பெயர் கஸ்தூரி. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஊர் ஜனங்களோடு வேனில் வந்தவள். குழந்தைக்கு நாலு வயது, பெயர் அபீதகுஜாம்பாள்.

"ஆனா அபின்னு கூப்ட்டாதான் திரும்புவா. முழுப் பேரைச் சொன்னா சாமியக் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்குவா" என்றாள் கஸ்தூரி.

பட்டைச் சுருளில் அடுத்த எண்ணைப் பார்த்த அத்தாவின் முகம் விரிந்தது. "மாஷா அல்லாஹ். இதை நான் கட்டறேன்." கடையை விட்டு இறங்கி வந்து, குழந்தையின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, இறுக்காமல் தளர்த்தாமல் அவரே கட்டினார். நான் பெயர், ஊர், நம்பர் எல்லாவற்றையும் கேட்டு அடித்தேன். பச்சை டிக் வந்தது.

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுக்கா."

கணக்குப் பார்த்தேன். அதுவரை கட்டியது 498. மேப்பில் 498. காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த அந்த ஒன்று சரியாகிவிட்டது. கணக்கு நேரானதைக் கொண்டாட ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

மூன்று ஐம்பதுக்குக் கடை போன் அடித்தது. கூட்டத்தின் இரைச்சலில் அத்தா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்துல் பாய்ங்களா? உங்க பொண்ணு இங்க செங்கம் ரோட்ல நின்னு அழுதுக்கினு கீது."

அத்தா என்னைப் பார்த்தார். "என் பொண்ணு என் எதிர்லதான் ஒக்காந்திருக்காம்மா. இருவத்தாறு வயசு."

"இது நாலு வயசுங்க."

"நாலு வயசுல எனக்குப் பொண்ணு கெடையாதும்மா."

அந்தப் பக்கம் குரல் ஏறியது. "இன்னா ஆளுய்யா நீ? கைல உன் பேரைக் கட்டி அனுப்பிட்டு இல்லவே இல்லைங்கற? இரு, நேர்ல வந்து உன் மூஞ்சியப் பாக்கறேன்." அதோடு லைன் அறுந்தது.

"நாலு வயசுல பொண்ணாம். உங்க அம்மா காதுல விழாம பாத்துக்க" என்று அத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

கைல உன் பேரைக் கட்டி.

திரையில் 786 என்று அடித்தேன். அப்துல், பாத்திரக்கடை, தேரடி வீதி. மறுபடி அடித்தேன். மூன்றாம் முறையும் அடித்தேன். மேப்பிடம் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான் என்று பெருமையாகச் சொன்னேனே, அதேதான்.

கஸ்தூரியின் நம்பரைத் தேடினேன். எங்கும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற சாவியில் கை வைக்காதே என்று நான் சொல்லியிருந்தேன்; கை வைக்காமல், அவள் சொன்ன பத்து இலக்கத்தையும் அந்த நொடியே கீழே போட்டுவிட்டு, எனக்கு டிக்கைக் காட்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் நம்பர் தேவையில்லாமல் வேறெங்கும் தங்கக் கூடாது என்று சுவடே இல்லாமல் எழுதியிருந்தேன். அதையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். என் நினைவில் தேடினேன். ஒன்பதில் தொடங்கும் என்பது மட்டும் வந்தது.

"அத்தா, அந்தக் குழந்தை... நீங்க கட்டினீங்களே."

அத்தாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தார். "என் பேரா வருது?" என்று கேட்டார். "அதுக்குப் பெத்தவன்னு என் பேரா வருது?"

வந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டேன். ஊருக்குள் இருபது முப்பது லட்சம் பேர். டவருக்கு மூச்சு முட்டியது. பதினாலு முறை கூப்பிட்டேன். ஒரு முறைகூட மணி அடிக்கவில்லை.

அந்தப் பொய் வரியை அழிக்கக் கை பரபரத்தது. அழி என்று ஒரு சொல், ஓர் அழுத்தல், அத்தா பெயர் போய்விடும். பொத்தானுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன். அழித்தால் அடுத்து அந்தப் பட்டையைக் காட்டுகிறவருக்கு ஒன்றுமே வராது. தப்பான கதவு ஒன்று இருக்கிறது. அதையும் மூடிவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கதவே இல்லை. விரலை எடுத்தேன்.

நாலரைக்கு உமாமகேஸ்வரனின் வாட்ஸ்அப் ஒன்று எப்படியோ நுழைந்து வந்தது. இருபது நிமிடத்துக்கு முன் அனுப்பியது.

"அக்கா, கஸ்தூரின்னு ஒருத்தங்க குழந்தை காணோம்னு வந்தாங்க. பட்டை 786ன்னு அடிச்சு சொல்றாங்க. பார்த்தேன், அங்க உங்க அத்தா பேர் இருக்கு. நம்பரைத் தப்பா ஞாபகம் வெச்சிருப்பீங்க, இது தேரடி வீதி அப்துல் பாய் குழந்தைன்னு அவங்ககிட்ட சொன்னேன். ரொம்பக் கத்தினாங்க. ஊர் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உங்க கடைக்குத்தான் வராங்க. ஏதாவது தப்பாயிடுச்சா அக்கா?"

அத்தாவிடம் படித்துக் காட்டினேன்.

குழந்தையைத் தொலைத்தது ஓர் அதிர்ச்சி. தொலைத்த இடத்தில் நிற்கும் தாயிடம், அது உன் குழந்தையே இல்லை என்று நான் எழுதிய இயந்திரம் சொல்லியிருக்கிறது. காலையில் தன் கையால் பட்டை கட்டிய பாய், அதைத் தன் பேரில் எழுதிக்கொண்டார் என்று அவளுக்குத் தெரிய வந்திருக்கிறது. தீபத்தன்று, தேரடி வீதியில், அப்துல் என்ற பெயர்மேல். அந்த வாக்கியம் நான்கு வாய் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்க்கடை சின்னசாமி மெசேஜைப் படித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பாய், ஷட்டரை இறக்கிட்டு மாடிக்குப் போங்க. வந்தா நான் பேசிக்கறேன்."

"ஷட்டரை இறக்கினா கொழந்தை எங்க வரும்?" என்றார் அத்தா. "போன்ல பேசின அந்தம்மா என் மூஞ்சியப் பாக்க வரேன்னு சொல்லுச்சு. மூஞ்சி இங்கதானே இருக்கணும்."

சின்னசாமி தன் கடையைப் பாதி மூடிவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்றுகொண்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

ஐந்தேகாலுக்குக் கஸ்தூரி வந்தாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். தலைமுடி அவிழ்ந்திருந்தது, ஒரு காலில் மட்டும் செருப்பு. கடை வாசலில் நின்று அத்தாவைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"என் பொண்ணை உங்க பேர்ல எழுதிக்கிட்டீங்களாமே பாய். நாப்பது ரூபா கொறைச்சீங்களே, அதுக்கா?"

அத்தா எழுந்து நின்றார்.

"கொழந்தை எங்கய்யா?" என்று பின்னால் ஒருவர் முன்னே வந்தார். சின்னசாமி கையைக் குறுக்கே நீட்டினார். நான் மேசையைத் தாண்டிக் கஸ்தூரிக்கு எதிரே போய் நின்று லேப்டாப்பைத் திருப்பினேன்.

"தப்பு அவருது இல்லைக்கா. என்னுது. இதைப் படிங்க. எழுதின தேதி இருக்கு பாருங்க."

அவள் படித்தாள். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல், அந்த நேரத்திலும். "பத்து நாளைக்கு முன்னாடி."

"ஆமாக்கா. உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே இந்த நம்பர்ல அவர் பேரை நான் எழுதி வெச்சிட்டேன். கணக்கு ஆரம்பிக்கறதுக்கு எழுதினது. அழிக்க மறந்துட்டேன்."

"அப்ப நான் சொன்ன நம்பர்?"

"ஏறலை. தூக்கிப் போட்டுடுச்சு."

"பச்சையா டிக் காமிச்சுதே."

"காமிச்சுது."

"ஏறிடுச்சான்னு கேட்டேனே. ஏறிடுச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்தத் திரையிலும் எந்த நிறத்திலும் காட்ட முடியாது. படியில் உட்கார்ந்தாள். காலையில் கோபித்துக்கொண்டு இறங்கிய அதே படி.

"குழந்தை நல்லா இருக்குக்கா. ஒரு அம்மா போன் பண்ணாங்க, செங்கம் ரோட்ல அவங்ககிட்டதான் இருக்கு. இங்க வரேன்னு சொன்னாங்க. லைன்தான் கெடைக்கலை."

"வருவாங்களா?"

தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பொய் டிக் போதும். "வரேன்னு சொன்னாங்க. அவ்ளோதான் தெரியும்" என்றேன்.

நாற்பது நிமிடம் இருந்திருக்கும். கூட வந்தவர்களில் பாதிப் பேர் தேடிக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். மீதிப் பேர் அத்தாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அத்தா ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கஸ்தூரியின் பக்கத்தில் வைத்தார். அவள் தொடவில்லை. அவர் எடுத்துக்கொண்டும் போகவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெரு முழுக்க மலையைப் பார்த்துத் திரும்பி நிற்க, ஒரே ஓர் ஆள் மட்டும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தாள். ஐம்பது வயது, தலையில் சும்மாடு, தோளில் ஒரு குழந்தை. செங்கம் ரோட்டில் பூ விற்கும் ரேணுகாம்பாள் என்று பிறகு தெரிந்தது. கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு, வண்டி எதுவும் விடாத ரோட்டில், எதிரே வரும் அத்தனை ஜனத்துக்கும் நடுவே, இரண்டு மணி நேரமாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நேராக அத்தாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான் அப்துல் பாயா? நல்லா பாத்துக்க. கைல உன் பேரு. பெத்துட்டு இல்லைன்னு சொல்றதுக்கு வெக்கமா இல்ல? வெளக்கு விக்கிற, வெளக்கு. உனுக்கெல்லாம் எதுக்குய்யா..."

அத்தா படியைக் காட்டினார்.

"அபி" என்றாள் கஸ்தூரி. குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதற்கே அந்தக் குழந்தை திரும்பியது.

அப்போதுதான் மேலே தீபம் ஏற்றினார்கள். தெருவே அரோகரா என்று எழுந்தது. மாடியிலும் மதிலிலும் மரக்கிளையிலும் இருந்த எல்லாரும் கையை உயர்த்தினார்கள். எங்கள் கடை வாசலில் யாரும் நிமிரவில்லை. கஸ்தூரி குழந்தையின் கையைப் பிடித்து அந்தப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் அத்தாவையும் கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த ஆளு யாரு?" என்றாள். சின்னசாமி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அதில் பாதி புரிந்தது. "அவங்களும் இங்கதான் வந்தாங்களா? நானும் அவங்களும் ஒரே ரோட்ல முன்ன பின்ன நடந்துக்கினு வந்திருக்கோம்" என்று வாயில் விரலை வைத்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தேடியவளுக்கும் கண்டெடுத்தவளுக்கும் மேப் ஒரே தப்பான பதிலைச் சொல்லியிருக்கிறது. தப்பானாலும் ஒரே பதில். ஒருத்திக்கு ஒன்றும் இன்னொருத்திக்கு வேறொன்றுமாகச் சொல்லியிருந்தால் இருவரும் இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள். இதை ஒரு சாமர்த்தியம் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

கஸ்தூரி எழுந்தாள். "அந்தப் பேரை அழி. என் கண்ணு முன்னாடி."

அத்தா தலையசைத்தார். அழித்தேன். 786க்கு நேரே கஸ்தூரி, கீழ்பென்னாத்தூர், அவள் சொல்லச் சொல்லப் பத்து இலக்கம். பச்சை டிக் வந்தது. அவள் அதை நம்பவில்லை. தன் போனை எடுத்துக் குழந்தையின் பட்டையில் காட்டி, தன் பெயர் வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். அன்றைக்கே டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது எழுதிய பிறகு மேப்பிலிருந்து திரும்பப் படித்து, படித்ததைத்தான் காட்டுகிறது. அந்தச் சோதனை அவள் செய்தது. நான் செய்திருக்க வேண்டியது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவள் அதைக் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அத்தாவைப் பார்த்து, "வெளக்கைக் குடுங்க பாய்" என்றாள். அத்தா விளக்கைத் துடைத்து, இன்னொரு முறை துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காலையிலேயே அவள் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பித் தர அவர் கல்லாவைத் திறந்தபோது, "பேசின வெலை பேசினதுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இந்த முறை அத்தா கூப்பிடவில்லை.

கடை சாத்தும் முன் கணக்குப் பார்த்தேன். செங்கம் ரோட்டில் கட்டிய பட்டை 313. எங்கள் வாசலில் 370. ஆக 683. மேப்பில் 683. காணாமல் போய்த் திரும்பி வந்த குழந்தைகள் ஏழு. அதில் ஆறு நான் எழுதியபடி வந்தவை, ஒன்று ரேணுகாம்பாளின் கால் நடந்து வந்தது. மீந்த பட்டை 317. கேட்ட மன்னிப்பு ஒன்று. வந்தது இல்லை. பாக்கி ஒன்று.